ராஜா குளித்த தண்ணீர்

மலைக்கு இந்தப் பக்கம் ஆவாரங்காடு என்று ஒரு ராஜ்யம் இருந்ததாம். ராஜ்யம் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். கஞ்சி ஆறுவதற்குள் குதிரையில் ஒரு சுற்று வந்துவிடலாம், அவ்வளவுதான். ஆனால் ராஜா உண்டு, மந்திரி உண்டு, மந்திரி வாசலில் காத்துக்கிடக்க ஜனங்களும் உண்டு. வேறென்ன வேண்டும்?

அந்த மலைச்சரிவில் பச்சிலை பறித்துப் பிழைக்கிறவன் சடையாண்டி. அவன் அப்பனும் பாட்டனும் அங்கேதான் பறித்தார்கள். ஒருநாள் விடிந்து பார்த்தால் சரிவைச் சுற்றி முள்வேலி, வேலிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு.

"ராஜா உத்தரவு. தை பொறந்ததும் எல்லாத்தையும் வெட்டிட்டு இங்க மந்திரிக்கு மாளிகை வருது" என்றான் காவல்காரன்.

சடையாண்டி மந்திரி குற்றாலிங்கத்தின் வாசலுக்கு ஓடினான். "இன்னிக்கு நேரமில்ல, நாளைக்கு வா" என்றார் மந்திரி. மறுநாள் போனான். "இன்னிக்கு நேரமில்ல, நாளைக்கு வா." அதற்கும் மறுநாள் போனான்.

"மூணு நாளா வர்றேன் சாமி. அந்தச் சரிவு போச்சுன்னா என் புள்ளைங்களுக்குச் சோறு இல்ல."

"கால் இருக்குல்ல? நாளைக்கும் வா."

நல்ல மனுஷர், காலையாவது விட்டுவைத்தாரே! சடையாண்டி அந்த மூன்று நாளையும் மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்பினான்.

அப்புறம் என்ன ஆச்சு? ராஜாவுக்கு அரிப்பு வந்தது. சாதாரண அரிப்பா, ராஜ அரிப்பு! சிம்மாசனத்தில் உட்கார்ந்து சொறிந்தார், பல்லக்கில் படுத்துச் சொறிந்தார், கோயிலில் கும்பிடப் போன இடத்திலும் ஒரு கையால் கும்பிட்டு ஒரு கையால் சொறிந்தார். மூன்று வைத்தியர்கள் வந்தார்கள், மூன்று விதமாகத் தலையை ஆட்டினார்கள், மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் ஜோசியர் வந்து, "இது பாவம் புடிச்ச அரிப்பு. பச்சிலையும் பூவும் போட்டுப் பாவம் கழியக் குளிக்கணும். அந்தப் பக்குவம் சடையாண்டிக்குத்தான் தெரியும்" என்றார்.

மந்திரி சடையாண்டியின் குடிசைக்கே வந்தார்.

"ஏலே, மகாராஜாவுக்குக் குளியல் தயார் பண்ணு."

"பண்ணலாம் சாமி. பச்சிலையெல்லாம் வேலிக்குள்ள இருக்கு. சாவி உங்க இடுப்புல இருக்கு."

மந்திரி முகத்தைச் சுளித்துக்கொண்டு பூட்டைத் திறந்துவிட்டார்.

பச்சிலை பறிப்பதற்கு ஒரு முறை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பொழுது விடிய, ஈரத்துணியோடு போய், செடிக்கு மஞ்சள் கயிறு கட்டி, யாருக்கு, எதற்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்க வேண்டும். பொய் சொல்லிப் பறித்தால் அது ஆட்டுக்குப் போடத்தான் ஆகும். சடையாண்டி அப்படியே கேட்டு, நொச்சி, வேம்பு, துளசி, அருகம்புல் எல்லாம் பறித்தான். குப்பைமேனியும் பறித்தான். குப்பைமேட்டில் முளைத்தது ராஜா மேனியில் ஏறப் போகிறதே, அதற்கு எவ்வளவு பெருமை! எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் வேகவைத்து, இறக்கி ஆறவிட்டு, ஆவாரம்பூவும் மகிழம்பூவும் செண்பகமும் தூவினான். அரண்மனையே மணத்தது. ராஜாவைப் பெரிய தொட்டிக்குள் உட்காரவைத்தான்.

"மகாராஜா, மூணு சொம்பு. சொம்புக்கு ஒரு பாவம் வாய்விட்டுச் சொல்லணும். சின்னதைச் சொன்னா தண்ணி வெறும் தண்ணி."

ராஜா யோசித்தார். "போன வாரம் கிளியைத் திட்டிட்டேன்."

"அடடா, எவ்வளவு பெரிய பாவம்!" என்று முதல் சொம்பை ஊற்றினான். அரிப்பு அசையவில்லை.

"விரதத்தன்னிக்கு ரெண்டு அதிரசம் தின்னுட்டேன்."

"ஏழு" என்றாள் உள்ளேயிருந்து ராணி. இரண்டாம் சொம்பும் போயிற்று. அரிப்பு அப்படியே இருந்தது.

ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "சொல்லிடறேன்பா! மந்திரி நீட்டுற ஓலை ஒண்ணைக்கூட நான் படிச்சதில்ல. முத்திரையை மட்டும் குத்திருவேன்."

மூன்றாம் சொம்பை ஊற்றினான். அரிப்பு நின்றது! ராஜா பூரித்துப்போய், "உனக்கு என்ன வேணும், கேளு" என்றார். சடையாண்டி வாயைத் திறக்கும் முன்னே மந்திரி முந்திக்கொண்டார். "இவனுக்கு என்ன மகாராஜா, ஒரு வேட்டி குடுத்தா ஆச்சு." வேட்டி வந்தது. ராஜா ஒரு மாதத் தூக்கத்தைத் தூங்கப் போனார்.

தொட்டியில் தண்ணீர் தேங்கி நின்றது. "இதை ஆள் நடமாடாத இடத்துல குழி தோண்டி ஊத்தணும், பாவம் இறங்கின தண்ணி" என்றான் சடையாண்டி.

"மகாராஜா மேனி பட்ட தண்ணியைக் குழியில ஊத்துறதாவது? இது தீர்த்தம்டா!"

"வேண்டாம் சாமி, தொடாதீங்க."

"நீ வீட்டுக்குக் கொண்டு போகலாம்னு பாக்கிறியோ?"

"வேண்டாம் சாமி, ஊருக்கே தெரியும், இது ஆகாத தண்ணி."

"வாயை மூடு!"

"வேண்டாம் சாமி."

மூன்று தரம் சொல்லியாயிற்று. அதற்குமேல் சொல்ல அவன் என்ன மந்திரிக்கு மாமனா, மச்சானா? அரண்மனை ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, பார்த்ததைப் போய் ராஜாவிடம் சொல்லட்டும் என்று, மந்திரி மூன்று கை அள்ளிக் குடித்துக் கண்ணில் ஒற்றித் தலையிலும் தெளித்துக்கொண்டார். என்ன பக்தி, என்ன பக்தி!

பொழுது சாயும் முன்னே தலை அரித்தது, முதுகு அரித்தது, நாக்குகூட அரித்தது. மந்திரி குடிசைக்கு ஓடிவந்தார்.

"சடையாண்டி, குளியல்!"

"இன்னிக்கு நேரமில்ல சாமி, நாளைக்கு வாங்க."

மறுநாள் வந்தார். "இன்னிக்கு நேரமில்ல சாமி, நாளைக்கு வாங்க." மூன்றாம் நாள் பனைமரத்தில் முதுகைத் தேய்த்தபடி வந்தார்.

"நாளைக்கும் வாங்க. கால் இருக்குல்ல?"

நாலாம் நாள் மந்திரி தன் கையாலேயே பூட்டைத் திறந்தார். சடையாண்டி நொச்சிக்குக் கயிறு கட்டி, அவர் காதில் விழும்படி, "தையில உன்னை வெட்டப் போறவருக்குத்தாம்மா கேக்கிறேன், கோவிச்சுக்காதே" என்றான். குளியலைப் பார்க்க ராஜாவே வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் வேறு வேலை ஏது?

முதல் சொம்பு. "சமையக்காரனைத் திட்டினேன்." அரிப்பு கூடியது. இரண்டாம் சொம்பு. "பூனையை உதைச்சேன்." இன்னும் கூடியது. சடையாண்டி மூன்றாம் சொம்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.

"ஊத்துடா!"

"சொல்லுங்க சாமி. இதான் கடைசிச் சொம்பு."

மந்திரி அலறினார். "மலைச்சரிவை எனக்குன்னு எழுதி, மகாராஜா படிக்கமாட்டார்னு முத்திரை வாங்கிக்கிட்டேன்!"

ராஜா அந்த ஓலையைக் கொண்டுவரச் சொன்னார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு ஓலையை முழுசாகப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார், போகட்டும். பிறகு அதைக் கிழித்தார். "குற்றாலிங்கம், நீ இனிமே மந்திரி இல்ல. போட்ட வேலியை உன் கையாலயே புடுங்கு" என்றார்.

அப்புறம்தான் சடையாண்டி மூன்றாம் சொம்பை ஊற்றினான். அரிப்பு போயிற்று. ஆனால் வேலி முழுக்கக் கருவேலமுள். அரிப்புக்குப் பதிலாகக் குத்தல் வந்தது.

"ஒரு கத்தி குடேன்பா, வெட்டி எடுக்கிறேன்" என்று கெஞ்சினார்.

சடையாண்டி புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளித்த தண்ணீரைக் குழியில் ஊற்றி மண் போட்டு மூடிவிட்டு நிதானமாகச் சொன்னான்: "இன்னிக்கு நேரமில்ல. நாளைக்கு வாங்க."

ஆகையால் பிள்ளைகளே, பெரிய மனுஷன் குளித்த தண்ணீரைத் தீர்த்தம் என்று எவனாவது குடித்தால் பக்கத்தில் நிற்காதீர்கள். கதை குளித்துக் கரையேறியாயிற்று. நீங்களும் தலையைத் துவட்டிக்கொண்டு போய்ப் படுங்கள்.