வசனம் கிடைக்காத மணி

ஒரே தெருவில் இரண்டு கோயில்கள். கத்தோலிக்கக் கோயில் சாமியார், "வேதத்துக்குத் திருச்சபை சொல்வதுதான் அர்த்தம்" என்பார். புராட்டஸ்டன்ட் கோயில் போதகர் சற்குணம் ஐயரோ எதற்கெடுத்தாலும், "வேதத்துல வசனத்தைக் காட்டு" என்பார்.

ஐயரின் கோயிலில் மணியடிக்கிற வேதமுத்து, கத்தோலிக்கப் பெண்ணான சூசையம்மாளைக் கட்டியிருந்தான். அவள் வீட்டில் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற செய்தி ஐயர் காதுக்குப் போனது.

"வசனத்துல இல்லாத எதுவும் நம்ம சபையில நடக்கக் கூடாதுலே. படத்தை எடு, இல்லேன்னா வேலையை விடு."

படத்தை எடுத்தால் சூசையம்மாள் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வேதமுத்து, "வசனப்படியே நடக்கேன்யா" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடிக்கவில்லை. பாதி சபை வரவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பேராயர் வேறு வந்து உட்கார்ந்திருந்தார்.

"மணி என்னாச்சுலே?" என்று ஐயர் கத்தினார்.

"கோபுர மணிக்கு வசனம் தேடுதேன்யா. இன்னும் கிடைக்கலை."

"ஏன், வேதத்துல யாத்திராகமப் புத்தகத்துல ஆசாரியன் ஆரோனுக்கு மணி இல்லையா?"

"இருக்குய்யா. ஆனா அது அவர் அங்கியோட ஓரத்துல தொங்கினது." வேதமுத்து ஐயரின் நீள அங்கியை மேலும் கீழும் பார்த்தான். "சொல்லுங்க, இந்த மணியை இறக்கி உங்க அங்கியில கட்டிவிடுதேன். என்ன, நடக்கும்போது நாலு பேர் கூடப் பிடிக்கணும்."

முதலில் சிரித்தவர் பேராயர்தான்.

ஐயர் அங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போய் அடிச்சுத் தொலைலே. உன் வீட்டுக்குள்ள என்ன எரியுதுன்னு நான் கேக்கவே இல்லை."