தண்ணீர்ச் சுவர்

“கல்லுல விழுந்தா தெறிக்கும், தண்ணியில விழுந்தா…” என்று தேவசகாயத்தின் பெரியப்பா ஏதோ சொல்வார். பின்பாதி மறந்துபோயிற்று.

தேவசகாயம் விண்வெளி நிலையத்தின் மருத்துவர். ஐம்பது கடந்து முதன்முறையாக மேலே வந்தவர். நிலையத் தலைவி நப்பின்னை வயதில் இளையவர்தான். ஆனாலும் மிதக்கவும் மிதந்தபடி உறங்கவும் டாக்டருக்குக் கற்றுக்கொடுத்த குரு நப்பின்னையே.

அன்று சூரியனில் புயல் கிளம்பியிருந்தது. கதிர்வீச்சு வந்து சேருமுன் ஒதுங்கியாக வேண்டும். இருவரும் படுக்கை மூலையைச் சுற்றித் தண்ணீர்ப் பைகளைத் தடுப்பாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவனான இளவழுதி மறுகோடிக்குப் பைகள் எடுத்துவரப் போயிருந்தான்.

காலையில் வந்த செய்தியை டாக்டர் அப்போதுதான் தாழ்ந்த குரலில் சொன்னார். இளவழுதியின் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை. அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதை வீட்டார் டாக்டரின் கையில் விட்டிருந்தார்கள்.

“இறங்க இன்னும் நாலு மாசம் இருக்கு மேடம். அதுவரைக்கும் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம். அவனுக்கும் ஒரு கெட்டிச் சுவர் வேணுமில்ல?”

நப்பின்னை பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். எல்லோருக்குமாக இளவழுதியின் மனைவி கொடுத்தனுப்பிய பொரியுருண்டை. பொரி பறக்குமே என்று யாரும் தொடாமல் வைத்திருந்தது.

ஓர் உருண்டையை உலோகச் சுவரில் ஓங்கி எறிந்தார். அது உடைந்து நாலாபக்கமும் தெறித்தது. ஒரு பொரி டாக்டரின் கண்ணிலேயே பட்டது.

இன்னொன்றைத் தண்ணீர்ப் பையின்மேல் எறிந்தார். பை குழைந்து உள்வாங்கியது. உருண்டை உடையாமல் மெல்ல மிதந்து விலகியது.

“கதிரைத் தடுக்க ஈயத்தகடு வெச்சா இப்படித்தான் டாக்டர். வெளியே ஒண்ணா வர்றது மோதிச் சிதறி உள்ளே நூறா வரும்.”

“தண்ணி முழுசாத் தடுத்திடுமா?”

“தடுக்காது. சுத்தி நெருக்கமா இருந்தா, தாங்குற அளவுக்குக் குறையும்.”

இளவழுதி பைகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பறக்கும் பொரியைப் பார்த்துச் சிரித்தான்.

“நான் அந்தப் பக்கம் போனதும் பிரிச்சிட்டீங்களா?”

ஒரு பொரியை வாயால் கவ்விப் பிடித்தான். பெண் பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று டாக்டரைக் கேட்டான்.

மூவரும் பைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டார்கள். தேவசகாயம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த செய்தியைச் சொன்னார்.