அம்பலவாணர் விற்க வந்த வீடு

கொன்றையூர் அரசவையில் இருந்த மருதப்பனுக்கு வாய் உண்டு, சொந்த வீடு கிடையாது. கருவூலத் தலைவர் அம்பலவாணரின் பழைய ஓட்டு வீட்டில்தான் வாடகைக் குடித்தனம். மழை வந்தால் அவன் மனைவி செங்கமலம் அண்டா குண்டானையெல்லாம் ஒழுகுகிற இடத்தில் வைப்பாள். பிள்ளைத் தொட்டிலை அவிழ்த்து ஒழுகாத மூலையில் கட்டுவாள். அப்படி ஒரே ஒரு மூலைதான் இருந்தது. ஓடு மாற்றச் சொன்னால், குடியிருக்கிறவன் பாடு அது என்று போய்விடுவார் அம்பலவாணர்.

அவருக்கும் அந்த வீட்டைத் தலைமுழுகிவிட ஆசை. ஒருநாள் அரசரின் காதைக் கடித்தார். வாடகைக்குக் குடியிருக்கிறவன் மூட்டை கட்ட எத்தனை நேரமாகும், நாளைக்கே பக்கத்து நாட்டுக்குப் போய்விட மாட்டானா என்றார். அரசர் மாறவேளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஐப்பசிக்குள் அவையோர் எல்லாரும் சொந்த வீடு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும் என்று உத்தரவு போட்டார். ஐப்பசி என்று எடுத்துக் கொடுத்தவரும் அம்பலவாணரே. ஊரில் அப்போது விலைக்கு இருந்தது ஒரே வீடு. எது என்று சொல்லவும் வேண்டுமா?

செங்கமலம் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஏங்க, சொந்த வீடு வேணும்னுதான் கேட்டேன். இந்தச் சல்லடையைக் கேக்கலையே."

"வாங்குறதா வேண்டாமான்னு அந்த வீடே சொல்லட்டும்" என்றான் மருதப்பன்.

மறுநாள் அவையில், வாங்கச் சம்மதம் என்றான். அம்பலவாணருக்கு வாயெல்லாம் பல். ஆனால் கொன்றையூரில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கைமாறும் முன், விற்கிறவர் அங்கே உலை வைத்து, சாட்சியோடு ஒருவேளை சாப்பிட்டு எழ வேண்டும். சாட்சியாக அரசரே வர வேண்டும் என்று மருதப்பன் கேட்க, அவரும் ஒப்புக்கொண்டார். அம்பலவாணரின் பல் மறைந்தது. தை மாதம் வைத்துக்கொள்ளலாமே என்று இழுத்தார்.

"கெடு ஐப்பசி அல்லவா ஐயா? உங்கள் வாக்கை நான் மீறலாமா?" என்றான் மருதப்பன். வானத்தைப் பார்த்து நாள் குறித்தான்.

விருந்தன்று அடைமழை. இலை முன் உட்கார்ந்த அரசரின் தோளில் ஒரு சொட்டு. இலையோடு நகர்ந்தார். பருப்பில் ஒரு சொட்டு. சாரல்தான் அரசே என்றார் அம்பலவாணர், நனைந்த தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே. கடைசியில் தொட்டில் மூலையில் போய் ஒண்டினார் அரசர். குழந்தை அவர் மீசையை எட்டிப் பிடித்தது. அப்படியும் அவர் நீட்டிய கையிலிருந்த ரசக் கிண்ணத்தில் டொக்கென்று ஒரு சொட்டு விழுந்தது.

அரசருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னான் மருதப்பன்.

"வேண்டாங்க. அவங்க குடிக்கக் குடிக்க அதுவா ஊறுது" என்றாள் செங்கமலம்.

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சொல் மருதப்பா. வாங்குகிறாயா, வாடகையிலேயே இருக்கிறாயா?"

"வாங்க நான் தயார் அரசே. ஆனால் குடியிருப்பவரைக் காலி செய்யாமல் வீட்டை விற்கலாமா?"

"குடியிருப்பது நீதானே?"

"நாங்கள் மூலையில் ஒண்டியிருக்கிறோம். வீடு முழுக்கக் குடியிருப்பது மழை. ஐயா அதைக் காலி செய்து தரட்டும், அன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிண்ணத்து ரசம் தளும்பிக் கொட்டியது. மழை காலி செய்யும்வரை அம்பலவாணர் இங்கே அதோடு குடியிருக்கட்டும், அவருடைய மாளிகையில் மருதப்பன் குடும்பம் வாடகையில்லாமல் இருக்கட்டும் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார்.

அன்று சாயங்காலமே செங்கமலம் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். அண்டா குண்டானை மட்டும் எடுக்கவில்லை. ஐயாவுக்கு வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.