தேவதாரு கை தாழ்த்திய கதை

அந்தக் காலத்தில் மரமும் பேசும், பனியும் பேசும். பேசிப் பேசியே குளிர்காலம் கழிந்துவிடும். அப்போது இமயமலைச் சரிவொன்றில் பேமா என்றொருத்தியும் அவள் புருஷன் நோர்புவும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. மொட்டைச் சரிவில் தேவதாருக் கன்றுகளை நட்டு வளர்த்தார்கள். தனியாக நிற்கப் பயப்படுமே என்று, ஒன்றின் கை மற்றதற்கு எட்டும்படி நெருக்கி நெருக்கி நட்டாள் பேமா.

கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்ததும் நோர்பு கோடரியை எடுத்தான். "ஒண்ணுவிட்டு ஒண்ணு எடுத்துடலாம் பேமா. மூச்சு முட்டுது அதுங்களுக்கு."

"எதை எடுப்பே? பேர் சொல்லு, பார்ப்போம்."

எல்லாவற்றுக்கும் அவள் பேர் வைத்திருந்தாள். நோர்பு கோடரியைத் திரும்ப மாட்டிவிட்டான்.

வெயிலுக்குப் போட்டி போட்டு மரங்கள் ஒல்லி ஒல்லியாக உயர்ந்தன, எல்லாம் கையை மேலே தூக்கியபடி.

மாசிக் கடைசியில் ஈரப்பனி வந்தாள். அதற்கு முன் வந்த பனியெல்லாம் மாவு மாதிரி. காற்று ஊதினால் போய்விடும். இவளுக்கோ உடம்பெல்லாம் தண்ணீர்க் கனம்.

"அக்கா, முடியல. கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?"

"உட்காரு, உட்காரு," என்றன மரங்கள். யாரையும் போகச் சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

உட்கார்ந்தவள் ஒட்டிக்கொண்டாள். நேரம் ஆக ஆகக் கனம் ஏறியது. ஒரு மரம் முறிந்து பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்தது. அது அடுத்ததன் மேல். பேமா ஒவ்வொரு பேராக அலறிக்கொண்டு ஓடினாள். ஓரத்தில் கடைக்குட்டி மரம் சோனம் வில்லாக வளைந்து நின்றது.

"கையைக் கீழே விடுடா தங்கம்!"

"பனி விழுந்திடுமே அம்மா. பாவம்."

"எனக்கு வலிக்காது," என்று ஈரப்பனி அழுதாள். "மண்ணுக்குப் போகத்தான் வந்தேன். இறக்கி விடுன்னு கேட்கத் தெரியல."

சோனம் கைநுனிகளைத் தாழ்த்தியது. பனி சறுக்கிக்கொண்டு வந்து பேமாவின் தலையிலேயே பொத்தென்று விழுந்தது. நோர்புதான் அவளைத் தோண்டி எடுத்தான்.

பனி உருகியதும், மிச்சமிருந்த மரங்களுக்குள் பேமாவே கோடரியோடு போனாள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, கட்டிக்கொண்டு, அப்புறம்தான் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டினாள். நின்றவற்றுக்கு முதல்முறையாக இடுப்புவரை வெயில் விழுந்தது.

அன்று முதல்தான் தேவதாரு கைநுனியைத் தாழ்த்தியே வைத்திருக்கிறது. நெருக்கி நட்டு, பிரிக்க மனசில்லாமல் விட்ட காடுகளில் மட்டும், ஈரப்பனி இன்றைக்கும் அழுதுகொண்டேதான் உட்காருகிறாள்.