மூடியில்லாத பை

“மூணு வருஷமா செய்யறேன்மா. ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்ல. அப்புறம் ஏன் விக்க மாட்டேங்குது?”

கேட்டவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயர் தணிகாசலம். வேலூரில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர்.

பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பத்து மூன்று. பெயர் கமருன்னிசா. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பை ரிப்பேர் கடை. அதற்கு முன் ஒன்பது வருடம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருந்தவர்.

தோல் விற்கிற கடைக்காரர்தான் இவரிடம் அனுப்பியிருந்தார். “அந்தம்மாகிட்டக் காட்டுங்க சார். ஒரு பை எந்த இடத்துல சாகும்னு பாத்தவுடனே சொல்லிடுவாங்க.”

தணிகாசலம் தன் பொருள்களை மேசைமேல் வைத்தார். இரண்டு பர்ஸ், ஒரு பெல்ட், ஒரு தோள்பை.

தையலெல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்தது. உண்மையிலேயே அளவெடுத்ததுதான். அங்குலத்துக்கு எட்டுத் துளை. வரைபடம் போடுகிற கவராயத்தால் புள்ளி வைத்து, மெழுகு நூலை இரண்டு ஊசியில் கோத்துக் கையால் தைத்தது. ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டு வந்திருந்தார்.

கமருன்னிசா எதையும் தொடவில்லை. அவர் கையில் ஒரு பள்ளிக்கூடப் பை இருந்தது. அதன் ஜிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

“இதுவரைக்கும் எத்தன வித்திருக்கீங்க சார்?”

“முப்பத்தொண்ணு.”

“ஏதாவது பிஞ்சு திரும்பி வந்துச்சா?”

“ஒண்ணுகூட இல்ல.” சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்துகொண்டது.

“யாராவது ரெண்டாவது தடவ வந்து வாங்கினாங்களா?”

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார்.

“இல்ல.”

“பிஞ்சது ஒண்ணு கொண்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

“பிஞ்சதே இல்லன்னு இப்பத்தானம்மா சொன்னேன்?”

“ஆமா. சொன்னீங்க.”

கமருன்னிசா ஜிப்பை இழுத்துப் பார்த்தார். பாதியில் சிக்கியது. மறுபடி பிரிக்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் தன் பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவருக்குக் கோபம் இருந்தது. அவசரமும் இருந்தது. காட்பாடி சாலையில் ஒரு கடை காலியாக இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் வேலையை விட வேண்டும்.

அவர் மனைவி சுகந்தி தடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். “கடை போடுங்க. யார் வந்து வாங்குவாங்க, அத மட்டும் சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் அவர் ரிப்பேர் கடைக்குப் போயிருந்தார்.

வாங்கியவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். அலுவலகம், தெரு, சொந்தம். மறுநாள் காலையில் கண்காணிப்பாளரின் அறையிலிருந்தே தொடங்கினார்.

“சார், நான் குடுத்த பர்ஸ் எப்படி இருக்கு?”

“பிரமாதம்! வீட்ல பீரோவுல இருக்கு. நீங்க குடுத்த பெட்டியோட அப்படியே வெச்சிருக்கேன்.”

“கையில வெச்சுக்கறதில்லையா?”

“மனசே வரல தணிகாசலம். அவ்வளவு அழகு.”

கண்காணிப்பாளர் டீக்குக் காசு எடுக்கத் தன் பர்ஸை வெளியே எடுத்தார். ரெக்சின் பர்ஸ். நாலு பக்கமும் பிய்ந்து, மேலே ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

தணிகாசலம் அந்தப் பர்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எங்கெங்கே பிய்ந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த தெருவில் இருந்த தலைமை ஆசிரியை தோள்பையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார். “கோவிச்சுக்காதீங்க சார். தோள் வலிக்குது. அதுக்குள்ள நான் இன்னும் ஒண்ணுமே வைக்கல, அப்பவே வலிக்குது.”

மச்சான் முறையில் ஒருவர் பெல்ட் வாங்கியிருந்தார். அது ஆணியில் தொங்கியது.

“அஞ்சு துளை போட்டிருக்கீங்க. என் தொப்பை அஞ்சாவது துளையையும் தாண்டிடுச்சு.”

“சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல இன்னொண்ணு போட்டுத் தந்திருப்பேனே?”

“அத என் கையில குடுக்கறப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன் மச்சான். அதுல ஒரு ஓட்டை போடுங்கன்னு எப்படிக் கேக்கறது?”

புதன்கிழமை மாலை அவர் மறுபடி ரிப்பேர் கடைக்குப் போனார்.

“பதினெட்டுப் பேரப் பாத்துட்டேன்மா. எல்லாமே புதுசு மாதிரி இருக்கு.”

“பாவம்,” என்றார் கமருன்னிசா.

பைகளைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று தணிகாசலத்துக்குப் புரியவில்லை.

“தோல் கனமா எடுத்துட்டேன் போல. மெல்லிசா எடுத்தா சரியாயிடுமா?”

“மிச்சம் எத்தன பேர் இருக்காங்க?”

“பதிமூணு.”

“பதிமூணு பேர் இருக்காங்கல்ல சார்?”

அவ்வளவுதான். அடுத்து வந்த பெண்ணிடம் ஹேண்ட்பேக்கை வாங்கக் கை நீட்டிவிட்டார்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் தட்டச்சர் இந்திராணியிடம் கேட்டார். அவர் போன வருடம் ஒரு சின்னத் தோள்பை வாங்கியிருந்தார். இந்திராணி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். அத என் தம்பி எடுத்துக்கிட்டான். கேக்கக்கூட இல்ல. அவன் கண்டக்டர். ஒடுகத்தூர் போற தனியார் பஸ்ல.”

“உபயோகிக்கறாரா?”

“அது அவன் தோள்ல இல்லாம நான் பாத்ததே இல்ல.”

தணிகாசலம் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. முப்பத்தொன்றில் ஒன்று வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறது. என்ன ஆகியிருக்கும் அது?

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அந்தப் பேருந்தில் ஏறினார்.

கண்டக்டரின் பெயர் கன்னியப்பன். அவர் தோளில் தொங்கியது தன் பைதானா என்று தணிகாசலத்துக்கு முதலில் தெரியவில்லை. தேன் நிறம் போய் அடுப்புக்கரி நிறம் வந்திருந்தது. பிறகுதான் தையலை அடையாளம் கண்டார். அங்குலத்துக்கு எட்டு.

மூடி இல்லை.

அந்த மூடிக்காக அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தார். வளைவை ஏழு முறை வரைந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. இப்போது அந்த இடத்தில் பிளேடால் அறுத்த கோணல் கோடு மட்டும் இருந்தது.



“எங்க சார் போகணும்?”

“ஒடுகத்தூர்.” பையைக் காட்டினார். “இதுக்கு மூடி என்னாச்சு?”

“நான்தான் அறுத்துட்டேன்.” கன்னியப்பன் சிரித்தார். “ஒரு கை மேல கம்பியப் புடிச்சிகினு இருக்கும். இன்னொரு கைதான் மிச்சம். மூடியத் தூக்கறதா, டிக்கெட் எடுக்கறதா? எவரோ ஆபீஸ்ல உக்காந்துகினு தெச்சிருக்காரு சார். நல்ல கை. ஆனா பஸ்ல ஏறினதே இல்ல போல.”

தணிகாசலம் ‘நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. வேறொன்று வாயில் வந்தது.

“வேற என்ன தொந்தரவு?”

இந்த மூன்று வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

கன்னியப்பன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே சொன்னார். கூட்டத்துக்குள் போவார், வருவார், விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். உள்ளே கறுப்புத் துணி வைத்துத் தைத்திருப்பதால் சில்லறை கண்ணுக்குத் தெரிவதில்லை. கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிற அடிப்பக்கத்தில் ஐந்து ரூபாய் ஒரு மூலைக்கும் ஒரு ரூபாய் இன்னொரு மூலைக்கும் தானாகவே பிரிந்துபோகிறது. அது மட்டும் ரொம்ப வசதி.

“அத யோசிச்சுத்தான் தெச்சிருப்பாரு,” என்றார் கன்னியப்பன்.

தணிகாசலம் அதை யோசித்ததே இல்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. காட்பாடி சாலைக் கடையின் உரிமையாளர். தணிகாசலம் எடுக்கவில்லை. கன்னியப்பனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பையின் வலது ஓரத்தில் உரசியபடியே உள்ளே போகிறது. அந்த ஓரத்தில் மட்டும் மெருகு போய், தோல் மிருதுவாகிப் பளபளத்தது. வீட்டில் எவ்வளவு தேய்த்தும் அவருக்கு வராத பளபளப்பு.

போன் இரண்டாம் முறை அடித்து ஓய்ந்தது.

ஒடுகத்தூரில் பேருந்து நின்றது. கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது.

“இந்தப் பைய ஒரு நாளைக்குக் குடுங்க. பத்திரமாத் திருப்பித் தரேன்.”

கன்னியப்பன் ஒரு அடி பின்னால் போனார்.

“இதக் குடுத்துட்டு நான் எப்படி சார் வேல பாக்கறது?”

“வேற பை?”

“வேற பை இருக்கு. அதுல கை எங்க போவுதுன்னே தெரியாது.”

தணிகாசலம் பையை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் தோள்வார் பையோடு சேருகிற இடத்தைக் கவனித்தார். அழகுக்காக நாலே தையல் போட்டு விட்ட இடம். சில்லறைக் கனத்தில் மூன்று அறுந்து, நாலாவது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் சணல் கயிறு சுற்றியிருந்தது.

“கழட்ட வேண்டாம். அப்படியே நில்லுங்க.”

ஊசியும் மெழுகு நூலும் அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். சணலை அறுத்தார். கன்னியப்பன் ஒரு கையில் டீ கிளாஸோடு நிற்க, பை அவர் தோளிலேயே இருக்க, தணிகாசலம் குனிந்து தைத்தார். இரண்டு ஊசி, எதிரெதிராக. இந்த முறை அளவெடுக்கவில்லை. கட்டம் கட்டி, குறுக்காகவும் போட்டார். பார்க்க அழகாக இல்லை.

கன்னியப்பன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

“சார்... நீங்கதானா அது?”

“ஆமா.”

“ஐயோ. நான் பாட்டுக்கு மூடிய...”

“நல்லா அறுத்திருக்கீங்க,” என்றார் தணிகாசலம். நூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.

விசில் அடித்தது. பேருந்து கிளம்பியது. அவர் அதிலேயே திரும்பி வந்தார். மறுபடி அதிலேயே ஏறிப் போனார். மூன்றாவது நடையில் கன்னியப்பன் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. தணிகாசலம் தானாகக் காசை நீட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் சுகந்தி கேட்டார். “கடைக்கு என்ன சொன்னீங்க?”

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. போன் செய்தார். ஒரு ஜூஸ் கடைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

வருத்தம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. மழை வந்தால் அந்த டிக்கெட்டெல்லாம் என்ன ஆகும் என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

சட்டையை மாட்டிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்.

“கொண்டு வந்தீங்களா?” என்றார் கமருன்னிசா.

“பிஞ்சது கெடச்சுது. குடுக்க மாட்டேன்னுட்டாரு.”

கமருன்னிசா ஊசியைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்து தணிகாசலம் பார்த்ததில்லை.

“ஏனாம்?”

“அது இல்லாம வேல ஓடாதாம்.”

கமருன்னிசா முக்காலியில் கிடந்த பைகளை அள்ளித் தரையில் போட்டுவிட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

தணிகாசலம் உட்காரக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். இரவு முழுக்க வரைந்தது. அடித்ததும் திருத்தியதுமாக இருந்தது.

“மூடி இருக்கக் கூடாது. ஆனா மழையில டிக்கெட் நனையக் கூடாது. ஒரே கையால திறக்கணும். பஸ் குலுங்கினாலும் சில்லறை சிந்தக் கூடாது. பையோட வாய எந்தப் பக்கம்மா சாய்ச்சு வெட்டறது?”

கமருன்னிசா படத்தைத் தன் பக்கம் திருப்பினார். உன்னிப்பாகப் பார்த்தார். விரலை வாயின் வளைவின்மேல் ஓட்டினார். காகிதத்தை மறுபடி அவர் பக்கமே திருப்பி வைத்தார்.

“எனக்கென்ன சார் தெரியும்? நான் ஒரு நாளும் டிக்கெட் கிழிச்சதில்லையே.”