வற்றாத பானை

மடத்துச் சமையற்காரி செண்பகவல்லி சமையற்கட்டில் நுழையாமல் ஒரு மாதமாகிவிட்டது. விரல் இடுக்குகளில் புண் வந்து சீழ் வைத்திருந்தது. புண் கண்ட கை அன்னத்தைத் தொடலாகாது என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். குருபூசை நெருங்கியது. ஆண்டுதோறும் அவள் வடித்த சோறே அன்று படையலாகும்.

மருந்துச் சாலைப் பொறுப்பு சீடர் குழந்தைவேலருடையது. மடத்தின் தலைவரான அடிகளாரைவிட வயதில் மூத்தவர். நகரத்துக் கல்லூரி ஒன்றில், கண்ணாடித் தட்டில் வளர்த்த சீழ்க்கிருமிகள் கொய்யா இலைச் சாற்றைக் கண்டு ஒதுங்கியதைத் தம் கண்ணால் பார்த்து வந்தவர். ஆகவே கொய்யா இலையைக் காய்ச்சிப் புண்ணைக் கழுவினார். புண் வாடியது, பிறகு சிவந்தது. நாவல் இலைக்கு மாறினார். அடுத்து மாவிலை. வாடுவதும் சிவப்பதும் நிற்கவில்லை.

அன்று காலை செண்பகவல்லி பொறுமை இழந்தாள்.

"இன்னும் எந்த மரம் பாக்கி, சாமி? உங்க ஆளுங்க வைக்கிற குழம்பைத் தின்னுட்டு மடமே வாடிக் கெடக்கு. என் புண்ணு மட்டும் வாட மாட்டேங்குது."

குழந்தைவேலர் நேரே அடிகளாரிடம் சென்றார். அடிகளார் பூசைக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்.

"சுவாமி, கொய்யாவா, மாதுளையா? எதற்கு வீரியம் அதிகம்?"

"நேற்றும் இதையே கேட்டீர்."

"நேற்று மாதுளையைச் சேர்க்கவில்லை, சுவாமி."

அடிகளார் கண்களை மூடித் திறந்தார். நாரைக் கீழே வைத்தார்.

"பானையைக் கொண்டுவாரும்."

அன்றைக்கு மறுபடி கொய்யா இலையே அதில் ஊறிக்கொண்டிருந்தது. எப்படிக் கழுவுகிறீர் என்று அடிகளார் கேட்க, குழந்தைவேலர் செய்து காட்டினார். துணியைப் பானையில் முக்கினார். துடைப்பதுபோல் காட்டினார். பிழிந்து, மறுபடி அதே பானையில் முக்கினார். நந்தவனத்து ஆளின் முழங்கைச் சிரங்குக்கும் இதே துணிதான் என்றார். மிஞ்சியதை மூடிவைத்து, மறுநாள் அதன்மேலேயே புது இலை போட்டுக் காய்ச்சாமல் ஊறவைப்பதாகவும் சொன்னார்.

அடிகளார் அந்த நீரை ஒரு குவளையில் முகந்து நீட்டினார்.

"குடியும்."

"சுவாமி?"

"கொய்யா இலைக் கஷாயம். வயிற்றுப்போக்கு என்று வருபவர்களுக்கு நீரே கொடுப்பதுதானே. குடியும்."

குழந்தைவேலர் இரண்டடி பின்வாங்கினார்.

"புண்ணைத் துடைத்த துணி தோய்ந்த நீர், சுவாமி. எப்படிக் குடிப்பது?"

"உம் வாய்க்கு ஆகாதது, அவள் புண்ணுக்கு ஆகுமோ?"

குழந்தைவேலர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மருந்துப் பானை வற்றக்கூடாது என்பது உங்களுக்கு முன்னிருந்த பெரியவர் வகுத்த வழக்கம். அதனால்தான் கொட்டவில்லை."

"வற்றக்கூடாது என்றுதான் சொன்னார். அதில் நீர் துணியை முக்குவீர் என்று அவர் எதிர்பார்க்கவில்லை."

குழந்தைவேலர் பானையைத் தூக்கிச் சென்று குழியில் கவிழ்த்தார். சாம்பலிட்டுத் தேய்த்தார். பழைய துணியை அடுப்பிலிட்டார். ஆளுக்கொன்றாகப் புதுத் துணி கிழித்துக் கொதிநீரில் போட்டார். எல்லாம் முடிந்தபின் வெறும் பானையோடு திரும்பி வந்தார். மருந்துச் சாலை வாசலில், கொய்யா மரத்தடியில், செண்பகவல்லி கையை விரித்தபடி காத்திருந்தாள்.

"இப்போதாவது சொல்லுங்கள், சுவாமி. எந்த இலை?"

அடிகளார் மறுபடி நாரைக் கையில் எடுத்தார்.

"எது அவளுக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ, அது."