குளக்கரையில் குனிந்த தலைகள்

பங்குனி மாதம், உச்சிவேளை. வற்றிக்கொண்டிருந்த காட்டுக்குளத்தில் பதினோரு புள்ளிமான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் கண்ணெதிரே செத்துப்போன இளம் கருங்குரங்கின் பெயர் இலந்தை.

குளத்துக்குச் செந்நாய்கள் காவல். தாமரைக் கிழங்கு களவு போகிறது என்று புகார் வந்ததும் தலைமை யானை அவற்றை நியமித்திருந்தது. திருடனின் முகம் கறுப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று முதல் நாய்கள் மற்றவர்களை விட்டுவிட்டுக் கருங்குரங்குகளை மட்டும் நிறுத்திச் சோதித்தன.

அந்த உச்சிவேளையில் இலந்தையையும் நிறுத்தின. அதற்கு வாய் கொஞ்சம் நீளம். "யானையும் கறுப்புதான். அவங்களையும் நிறுத்துங்களேன்" என்றது.

மான்களில் ஒன்றிரண்டு சிரித்துவிட்டன. காவல்நாய் சூரனால் அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. இலந்தையின் கழுத்தைக் கவ்விச் சேற்றில் அழுத்தியது. விட்டபோது மூச்சு இல்லை.

தப்பியோடும்போது வழுக்கி விழுந்து மூழ்கிவிட்டது என்று சூரன் யானையிடம் சொன்னது. யானை மான்களை விசாரித்தது. குடிக்கும்போது தலை குனிந்திருக்கும், ஒன்றும் பார்க்கவில்லை என்று பதினொன்றும் ஒரே மாதிரி கூறின. மிக அருகில் நின்றிருந்த தும்பை என்ற பெண்மானும் அதையே சொன்னது. அதற்குப் பிறந்து சில வாரங்களே ஆன குட்டி ஒன்று இருந்தது. நாய்களைப் பகைத்துக்கொண்டு எங்கே போய்த் தண்ணீர் குடிப்பது?

மறுநாள் கருங்குரங்குகள் மரத்தை விட்டு இறங்கிக் குளத்து வழியில் உட்கார்ந்துகொண்டன. நியாயம் கிடைக்கும்வரை எழமாட்டோம் என்றன. காடு முழுக்க இதே பேச்சு. செத்தது பாவம்தான், ஆனால் தாகத்தில் வருபவர்களை மறிப்பது சரியா என்றது மயில். குரங்குகள் கிழங்கே திருடியதில்லையா என்று காட்டுப்பன்றி கேட்டது. கிழங்கு தோண்டிய சேறு அதன் மூக்கில் இன்னும் காயவில்லை. காவலே இல்லாவிட்டால் கதி என்ன என்று முயல் பயந்தது. தும்பை குட்டியை அழைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

சாட்சி இல்லை என்று யானை விசாரணையை முடித்தது. குரங்குகள் மரமேறின.

சித்திரையில் ஒரு காலை, புதருக்குள் சிறுத்தை பதுங்கி வந்தது. சில எட்டு தூரத்தில் தும்பையின் குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று மரத்துச்சியிலிருந்து ஒரு கூப்பாடு எழுந்தது. மான்கள் சிதறி ஓடின. குட்டி தப்பியது.

கத்தியது யார் என்று தும்பை திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தது. இலந்தையின் தாய் வாகை.

"எங்களுக்காகவா கத்தினீங்க, அக்கா?"

"கண்ணில் பட்டது, கத்தினேன். யார் பிள்ளை என்று பார்த்துவிட்டா கத்துவார்கள்?"

தும்பையால் அதற்கு மேல் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலை தானாகக் குனிந்தது.

"அப்படி நிற்காதே. குனிந்த தலையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது" என்றது வாகை.

அன்று மாலையே தும்பை யானையிடம் போய், பார்த்ததை எல்லாம் சொன்னது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று யானை கேட்டது.

"செத்தது என் பிள்ளை இல்லையே என்று இருந்துவிட்டேன்."

திருடனின் முகம் கறுப்பு என்று சொன்னது யார் என யானையும் ஒருநாளும் விசாரித்ததில்லை. சூரனைக் காட்டை விட்டே விரட்டியது. வாகை யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

கண்ணெதிரே நடக்கும் அநியாயத்தைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டவர், அதைச் செய்தவருக்குத் துணை நின்றவரே.

ஆடி மாதம் மூன்றாம் தேதி, புதுக் காவல்நாய் ஒரு கருங்குரங்கைக் குளக்கரையில் நிறுத்தியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. நாய் வழி விட்டது.